கிறைண்டர், ட்றில், வாள் மேசை: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவில் பக்கம் கதவு, யன்னல், கேற் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று நடத்துகிறேன். மரவேலையும் இரும்பு வேலையும் இரண்டுமே உண்டு. வேலை பழக வரும் பெடியள், சொந்தமாக வீடு திருத்துகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து மெசின் அனுப்பும் சொந்தக்காரர் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

என் அப்பா நாற்பது வருடம் தச்சுவேலை செய்தவர். சாரமும் வெறுங்காலும்தான். அவருக்கு ஒரு காயமும் வந்ததில்லை. நாங்கள் மட்டும் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

உங்கள் அப்பா பழகியது கைவாளும் சீவுளியும் உளியும். 1990களில் இங்கே வருடக்கணக்காகக் கரண்டே இல்லை. அந்தக் காலத்தில் தொழில் படித்த ஒரு தலைமுறை முழுக்கக் கையாலேயே அறுத்து, கையாலேயே சீவியது. கைவாளுக்குப் பலம் வருவது உங்கள் தோளிலிருந்து. வாள் வழுக்கினால் கை நின்றுவிடும், கை நின்றால் வாளும் நின்றுவிடும். தோல் கிழியும், சில வேளை நரம்பு வரை போகும், ஆனால் விரல் துண்டாகப் போவது அரிது.

மெசினுக்கு உங்கள் கை நின்றது தெரியாது. சுவிட்சை விட்ட பிறகும் கிறைண்டர் டிஸ்க் பல விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த விநாடிகளில்தான் பலர் மெசினை மடியில் வைப்பார்கள், இல்லையென்றால் மற்றக் கையால் துண்டைத் தட்டிவிடுவார்கள். அப்பாவிடமிருந்து எடுக்க வேண்டியது அவருடைய அளவும் பொறுமையும். சாரத்தையும் வெறுங்காலையும் அவரோடு விட்டுவிடுங்கள்.

கிறைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் வேலை செய்கிறார்கள். கட்டாயம் வேணுமா?

வேணும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

நாங்கள் கார்ட் என்று சொல்வது டிஸ்கைச் சுற்றி அரைவட்டமாக நிற்கும் அந்தத் தகட்டை. மெசின் வாங்கின அன்றே அதைக் கழற்றி மூலையில் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டறைக்கும் போய்ப் பார்க்கலாம். மூலைக்குள் வெட்ட இடைஞ்சல், டிஸ்க் மாற்றச் சுணக்கம் என்பார்கள். இடைஞ்சல் என்பது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 4 அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுற்றுகிறது. அப்படியென்றால் டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க் என்பது மணலும் பசையும் வலைத்துணியும் சேர்த்து அழுத்திய மெல்லிய தட்டு. வெடித்தால் துண்டுகள் அதே வேகத்தில் பறக்கும், போகிற திசையில் உங்கள் முகம் இருக்கலாம்.

என் பட்டறைக் கதவில், நெஞ்சு உயரத்தில், இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு வெட்டு இருக்கிறது. சதுரக் குழாய் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது குழாயின் இரண்டு பக்கமும் அமர்ந்து டிஸ்கை இறுக்கிப் பிடித்துவிட்டது. டிஸ்க் மூன்று துண்டாகியது. ஒன்று கதவுக்குள் ஏறி நின்றது, ஒன்று கூரைத் தகட்டில் அடித்தது. மூன்றாவதைக் கார்டின் உள்பக்கத்தில் கண்டோம், தகடு வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. மெசினைப் பிடித்திருந்த பெடியனின் கழுத்துக்கும் அந்தப் புடைப்புக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். அந்தக் கார்டை இன்னும் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைக் கையில் கொடுத்து, புடைப்பைத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

கார்டைத் திருப்பி வைக்கத் தெரிந்தால் பாதி இடைஞ்சல் போய்விடும். மூடின பக்கம் எப்போதும் உங்களைப் பார்க்க வேண்டும், திறந்த பக்கம் வேலையைப் பார்க்க வேண்டும். பக்கக் கைபிடியையும் கழற்ற வேண்டாம், இரண்டு கையாலும் பிடிக்கவே அதை வைத்திருக்கிறார்கள். டிஸ்க் இறுகாமல் இருக்க, வெட்டி விழப்போகிற துண்டு கீழே தொங்கும்படி குழாயை வையுங்கள். இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டினால் குழாய் நடுவில் அமர்ந்து டிஸ்கைக் கடிக்கும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

7 அங்குல டிஸ்க் தேய்ந்து சின்னதாகிவிட்டது. அதை 4 அங்குல மெசினில் போட்டு முடிக்கலாமா?

கூடாது. கார்டைக் கழற்றும் ஆட்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் கழற்றுகிறார்கள். 7 அங்குல டிஸ்கில் 8,500 என்று எழுதியிருக்கும், அதுதான் அதன் உச்சச் சுற்று. உங்கள் 4 அங்குல மெசின் 11,000 சுற்றுகிறது. முழு அளவு டிஸ்கைப் போட்டால் விளிம்பு தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி மணிக்கு 370 கிலோமீற்றர் அளவுக்குப் போகும். தேய்ந்து சிறுத்தாலும் நடுத்துளை வேறு, அதைப் பிடிக்கும் தட்டு வேறு. நடுவில் சரியாக உட்காராத டிஸ்க் ஆடும். டிஸ்கில் எழுதிய எண் மெசினில் எழுதிய எண்ணைவிடக் கூடவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. வெட்டும் டிஸ்குக்கும் காலாவதித் திகதி உண்டு. நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், பொதுவாகச் செய்த நாளிலிருந்து 3 வருடம். டிஸ்கில் இருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பலம் இழக்கும். எங்கள் கடற்காற்றிலும் மாரி ஈரத்திலும் தகரக் கொட்டிலுக்குள் கிடந்த டிஸ்கைத் திகதிக்கு முன்பே கூட நான் நம்ப மாட்டேன். மலிவு என்று கட்டாக வாங்கும்போது அந்த வளையத்தைப் பாருங்கள். கீழே விழுந்த டிஸ்கையும் எறிந்துவிடுங்கள். புது டிஸ்க் மாட்டினால், ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்து அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு வேலைக்கு எடுங்கள்.

மாட்டும்போது பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும். சுவிட்ச் போடாமல் இருப்பது போதாது.

கிறைண்டரில் மரம் வெட்டும் பல்லு பிளேட் விற்கிறார்களே?

விற்கிறார்கள். வாங்க வேண்டாம். பல் மரத்தைக் கடித்ததும் மெசின் பின்னுக்கு எகிறும், அதைப் பிடித்து நிறுத்த மனிதக் கையால் முடியாது. தொடையிலும் கழுத்திலும் விழும் ஆழமான வெட்டுகள் இப்படித்தான் வருகின்றன. டைல் கட்டரில் மரப் பிளேட் போட்டு ஒட்டுப்பலகை வெட்டுவதும் இதே கதைதான். வட்ட வாள் மெசினில் கீழ்ப்பக்கம் தானாக மூடிக்கொள்ளும் கார்ட் இருக்கும், டைல் கட்டரில் அது கிடையாது. பலகை வெட்டும் வேலை அடிக்கடி வந்தால் வட்ட வாள் மெசினையே வாங்குங்கள், இல்லையென்றால் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து அறுப்பியுங்கள்.

பழைய வீட்டுப் பனைமரத் தீராந்திகளை அறுத்துப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம். முற்றிய பனையின் வெளிவைரத்துக்கு நிகரான கூரை மரம் இங்கே குறைவு. ஆனால் யாழ்ப்பாணத்தில் பழைய மரத்தை வாளில் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மற்ற ஊர் ஆட்களுக்கு அது விளங்காது.

எங்கள் மரங்களுக்குள் சன்னமும் செல் துண்டும் இருக்கின்றன. சண்டைக் காலத்தில் வளவில் நின்ற மா, வேம்பு எல்லாம் வாங்கியதை உள்ளே வைத்துக்கொண்டே வளர்ந்துவிட்டன. மேலே பட்டை மூடியிருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. பனை அப்படி மூடி வளராது, ஆனால் பதுங்குகுழிக்கு அடுக்கிய பனங்குற்றிகளைப் பிறகு கழற்றி வேறு வேலைக்குப் பாவித்தவர்கள் நிறைய. சுற்றும் வாளின் பல் ஓர் இரும்புத் துண்டில் பட்டால் பல்லின் முனை கழன்று சன்னம் மாதிரியே பறக்கும்.

எங்களிடம் வந்த மாங்குற்றி ஒன்றில் அறுத்த முகத்தில் கருநீலமாக ஒரு கறை, புளியங்கொட்டை அளவில். ஆச்சி ஒருவர் தன் மகளின் கட்டிலுக்கென்று கொடுத்துவிட்ட மரம். மரச்சாறு இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். வாளை நிறுத்தி, உளியால் மெல்லத் தோண்டினோம். நகத்தளவு செல் துண்டு, ஓரங்கள் இன்னும் கூராகவே இருந்தன. இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் வாள் அதில் ஏறியிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கம்பித் தூரிகையால் மண்ணைத் தட்டி எடுங்கள். ஆணி எல்லாவற்றையும் பிடுங்குங்கள், தலை உடைந்த ஆணிகளையும் சேர்த்து. பிறகு கையில் பிடிக்கும் சின்ன மெற்றல் டிடெக்டரை நான்கு பக்கமும் ஓட்டுங்கள். காந்தத்தை மட்டும் நம்ப முடியாது, ஈயத்தையும் செம்பையும் அது இழுக்காது. கருநீலக் கறையைக் கண்டால் நிறுத்துங்கள். துண்டாக இல்லாமல் முழுதாக ஏதாவது உருளையாகவோ கூம்பாகவோ தென்பட்டால், மரத்திலென்றாலும் சரி, அத்திவாரம் வெட்டும்போதென்றாலும் சரி, தொடாமல் தட்டாமல் ஆட்களை விலக்கி 119க்குச் சொல்லுங்கள்.

பனைக்கென்று இன்னொன்று. அதன் கறுப்பு நார் ஊசி மாதிரி. கையில் ஏறினால் உடைந்து உள்ளேயே நிற்கும், கண்ணில் ஏறினால் சொல்ல வேண்டியதில்லை. வெளிப்பக்கம் கடினம், உள்ளே சோறு. வாள் வைரத்திலிருந்து சோற்றுக்குள் போகும் இடத்தில் மரம் திடீரென்று வழிவிட்டு உங்கள் கை முன்னால் போகும். மெதுவாகத் தள்ளுங்கள்.

வாள் மேசையில் பலகை திருப்பி அடிப்பது ஏன்?

வெட்டின பிளவு பின்பக்கம் மூடி வாளைப் பிடிக்கும்போது, மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றுப் பக்கம் எறியும். கடையில் வாங்கும் மேசையில் வாளுக்குப் பின்னால் பிளவுக்குள் நிற்கும் ஒரு தகடு வரும், பிளவை மூடவிடாமல் பிடிப்பது அதுதான். எங்கள் ஊரில் மோட்டரும் பெல்ட்டும் பூட்டிச் செய்யும் மேசைகளில் அந்தத் தகடு இருக்காது. வெல்டிங் தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் பூட்டித் தரலாம், தடிப்பு மட்டும் வாள் தகட்டைவிடச் சற்றுக் கூடவும் வெட்டின பிளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். வாளுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். கடைசி ஒரு சாண் நீளத்தைத் தடியால் தள்ளுங்கள், விரலால் வேண்டாம். எதிர்ப்பக்கம் நிற்கும் உதவியாள் பலகையை இழுக்கக்கூடாது, தாங்க மட்டும் வேண்டும்.

கனடாவிலிருந்து மாமா ட்றில் செற் ஒன்று அனுப்பியிருக்கிறார். அப்படியே பிளக்கை மாற்றிப் பாவிக்கலாமா?

பிளக்கை மாற்ற முன் மெசினின் லேபிளைப் பாருங்கள். எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். 120 என்று மட்டும் எழுதிய மெசினை இங்கே சொருகினால் கட்டுமீறிச் சுற்றி எரியும், அந்த வேகத்தில் கையில் இருப்பது கிறைண்டராக இருந்தால் டிஸ்க் வெடிக்கும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் போட்டுப் பாவிக்கலாம், அது மெசினின் வாட்ஸைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்க வேண்டும். 1,500 வாட்ஸ் மெசினுக்கு 1,500 ட்ரான்ஸ்போமர் போதாது, தொடங்கும்போது கூட இழுக்கும். கைட்றில், கிறைண்டர் மாதிரிக் கரித்துண்டு மோட்டருக்கு 50, 60 வித்தியாசம் பெரிதில்லை. மேசையோடு வரும் பெரிய மோட்டர்கள் பலதில் அந்த வித்தியாசம் தெரியும், மெதுவாகச் சுற்றிச் சூடாகும்.

பற்றரி மெசின் என்றால் பற்றரிக்குப் பிரச்சினை இல்லை, சார்ஜரைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் 120 மட்டும் என்றால் இங்கே சார்ஜர் தனியாக வாங்குங்கள். வருகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், தனிப் பற்றரிகளைப் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பற்றரி 90 வாட்-அவர், இது 100 என்ற எல்லைக்குள் வரும். அதைவிடப் பெரிதென்றால் விமான நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டும்.

லண்டனிலிருந்து வரும் வீட்டு மெசின் 230 வோல்ட், பிளக்கும் எங்கள் 13 ஆம்பியர் சதுரமுள் பிளக்தான். ஆனால் மஞ்சள் நிற உருண்டைப் பிளக்கோடு வந்தால் அது கட்டடத் தளங்களுக்கான 110 வோல்ட் மெசின், ட்ரான்ஸ்போமர் வேணும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. பேனை முனையால் மேல் துளையைத் திறந்து இரண்டு முள் பிளக்கை நெருக்கிச் சொருகும் பழக்கத்தை மெசின்களுக்காவது விடுங்கள். தளர்வான தொடுப்பில் சூடு ஏறி ஹோல்டர் உருகும்.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் கரண்ட் அடிக்காதுதானே?

30 மில்லி ஆம்பியர் என்று எழுதிய ட்ரிப் சுவிட்ச் இருந்து, அது வேலை செய்தால், உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகும் கரண்டை ஒரு கண்ணிமைப்பில் வெட்டும். இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் தொட்டால் அதற்குத் தெரியாது. அதில் ரி என்ற எழுத்தோடு ஒரு சின்னப் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் மின்னியலாளரைக் கூப்பிடும் வரை வெளியே மெசின் வேலை வேண்டாம். அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி நேரடியாகக் கொழுவித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மெசின் விழுத்துகிறதோ அந்த மெசினில்தான் பழுது, அதைத் திருத்துங்கள்.

நீளமான வயர் றோல் சூடாகிறது. ஏன்?

சுருட்டியபடியே பாவிக்கிறீர்கள். பல றோல்களில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும், சுருட்டியபடி என்றால் குறைந்த ஆம்பியர், முழுதாக விரித்தால் 13. 2,000 வாட்ஸ் மெசின் ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். முழுவதையும் விரித்துப் போடுங்கள், தண்ணீர் தேங்காத பக்கத்தால். மாரியில், ஐப்பசி கார்த்திகையில், முற்றத்தில் வயர் கிடக்கும்போது மூட்டு இருக்கும் இடத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். ரேப் சுற்றிய மூட்டு ஈரத்தில் உதவாது. மழை தூறத் தொடங்கினால் வேலையை நிறுத்துங்கள்.

கரண்ட் நின்று வந்தபோது மெசின் தானாக ஓடத் தொடங்கிவிட்டது!

சுவிட்சைப் பூட்டி வைக்கும் பட்டனை அமத்தியபடியே மெசினைக் கீழே வைத்திருக்கிறீர்கள். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இது எங்கள் பக்கத்துப் பட்டறையிலேயே நடந்தது, கிறைண்டர் நிலத்தில் ஓடி வயரையே வெட்டியது. கரண்ட் நின்றால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. ஜெனரேற்றரை மாற்றிப் போடுகிறவர்கள் அதை வெளியில் வையுங்கள், கொட்டிலுக்குள்ளோ விறாந்தையிலோ வேண்டாம். புகை கண்ணுக்குத் தெரியாமலும் கொல்லும்.

கிணற்றுக்குள் இறங்கிக் கல் உடைக்க மின்சாரப் பிறேக்கர் பாவிக்கலாமா?

வேண்டாம். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை, இறைத்து முடிய முன்னமே ஊற்று சுரக்கும். முழங்கால் தண்ணீரில் நின்று 230 வோல்ட் மெசின் பிடிப்பதற்கு ஒரு பாதுகாப்பான முறையும் கிடையாது. காற்றில் ஓடும் பிறேக்கரை எடுங்கள், கொம்பிரசர் மேலே, அதன் புகை கிணற்றுப் பக்கம் அடிக்காத திசையில் நிற்கட்டும். மண்ணெண்ணெய், பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அந்தப் புகை வெளியே போகாது. இறங்கின ஆள் மயங்கினால் அவரைத் தூக்க இறங்குகிறவரும் மயங்குவார், ஆகவே இறங்குகிற ஆளுக்கு முதலிலேயே இடுப்பில் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஆள் உள்ளே நிற்கும்போது மின்பம்பும் நிறுத்தி, பிளக் கழற்றியிருக்க வேண்டும்.

கையுறை, மாஸ்க், காதுக்கு அடைப்பான். இவை எல்லாம் உண்மையிலேயே தேவையா?

கண்ணாடியில் விட்டுக்கொடுப்பு இல்லை. வெயிலுக்குப் போடும் கண்ணாடி போதாது, பக்கமும் மூடியது வேணும்.

கையுறை வேலையைப் பொறுத்தது. கிறைண்டருக்கு இறுக்கமான தோல் கையுறை நல்லது. நிலைட்றில், கடைசல் மெசின், வாள் மேசைக்குக் கையுறை போடக்கூடாது, நூல் ஒன்று மாட்டினால் கையை முழுதாக இழுத்துச் சுற்றும். சாரமும் தொங்கும் சால்வையும் அப்படித்தான். சாமிக்கயிறு, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கோயில் நூலைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை முழங்கைக்கு மேல் ஏற்றி, இறுக்கமான முழுக்கைச் சட்டைக்குள் மூடலாம். பாட்டாச் செருப்புக்குப் பதில் முன்பக்கம் மூடிய சப்பாத்து.

மாஸ்க் பற்றி நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அதன் காயம் அன்றைக்குத் தெரியாது. டைல், கருங்கல், கொங்கிறீற், சீமெந்துக் கல் வெட்டும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும், அந்தத் தழும்பை எந்த மருந்தும் மாற்றாது. மரத்தூளும் சும்மா இல்லை, மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாக உறுதிசெய்யப்பட்டது. முதிரைத் தூள் பட்டால் தோல் தடித்துச் சொறியும். கொரோனாக் காலத்து நீலத் துணி மாஸ்க் இதற்கு உதவாது, என்95 வகை வேணும். தண்ணீர்க் குழாய் பூட்டிய கட்டர் என்றால் ஈரமாக வெட்டுங்கள், சாதாரண கிறைண்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காது: 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். இரும்பு வெட்டும் கிறைண்டர் 100ஐத் தொடும், அதற்குக் கால் மணி நேரம்தான். பின்னேரம் வீட்டுக்குப் போனதும் காதுக்குள் இரைந்தால் அன்றைக்குக் கூடிவிட்டது என்று எடுங்கள்.

கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால்?

கசக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரால் பல நிமிடம் கழுவுங்கள். போகவில்லையென்றால் வைத்தியசாலை. பட்டறையில் ஒரு அண்ணை இருப்பார், சால்வை நுனியாலோ குண்டூசியாலோ நல்லாக எடுப்பார் என்பார்கள். அவருடைய கைராசியில் கண்ணை விட வேண்டாம். இரும்புத் தூள் ஒரு நாளிலேயே கருவிழியில் துரு வளையம் போடும், அதை எடுக்க வைத்தியரிடம் கருவி உண்டு. வேகமாகப் பறந்த துண்டு கண்ணைத் துளைத்திருக்கலாம் என்று நினைத்தால் கழுவவும் வேண்டாம், அமத்தவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடி நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஆளைப் பாருங்கள், விரலைத் தேடுவது இரண்டாவது. சுத்தமான துணியை வைத்துக் காயத்தை இறுக்கி அமத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். அமத்தியதை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். கோப்பித்தூள், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் போடாதீர்கள், வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்கிறவர் முதலில் அதைக் கழுவியே நேரம் போக்குவார். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

இனி விரல். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். நேராக ஐஸில் போட்டால் சதை உறைந்து செத்துவிடும், பொருத்த முடியாது. காயப்பட்டவருக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். ஏற்பூசி, அதாவது ரெற்றனஸ் தடுப்பூசி, கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கரண்ட் அடித்துப் பிடித்திருந்தால் ஆளைத் தொட முன் மெயினை நிறுத்துங்கள்.

ஓ.எல். எழுதிவிட்டு மகன் சும்மா நிற்கிறான். வேலை பழக உங்கள் பட்டறைக்கு அனுப்பலாமா?

எத்தனை வயது என்றுதான் நான் முதலில் கேட்பேன். 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான வேலையில் விடுவது சட்டத்துக்கு மாறு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை வந்தால் அளவெடுக்க, கோடு போட, அரத்தாள் தேய்க்க, வர்ணம் பூசக் கற்றுக்கொடுப்பேன். கிறைண்டரில் கை வைக்க விடமாட்டேன். அம்மாமார் வந்து "அண்ணை, அவன் கெட்டிக்காரன், ஒருக்கால் குடுத்துப் பாருங்கோ" என்று கேட்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் வேகமாக வெட்டுவார்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் மரவேலை, உருக்கி ஒட்டல் போன்ற தொழில்களைப் படித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அதோடு வந்தால் சம்பளமும் வேறு. எந்தப் பட்டறைக்கு அனுப்பினாலும் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நீங்களே போய்ப் பாருங்கள். ஆபத்தான இயந்திரப் பகுதிகளை மூடி வைக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. வேலையில் காயப்பட்டவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. வாசலில் நின்று கிறைண்டர்களை எண்ணுங்கள், அவற்றில் எத்தனைக்குக் கார்ட் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றில்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.